பாகப்பிரிவினை: பிரிந்த மாநிலமும் பிரியாத உறவும்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் பெரியோர் வாக்கு. குடும்பம் பெருகினால் ஒரு நாள் பாகப்பிரிவினை வருவது உலக வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் கூடுவார்கள். நிலம் இவ்வளவு, வீடு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று கணக்கு எழுதுவார்கள். பாத்திரம் பண்டங்கள்கூட பங்காகிவிடும். ஆனால் கொல்லையிலுள்ள கிணற்றை என்ன செய்வது? வயதான தாய் யார் வீட்டில் இருப்பாள்? பங்கு போட முடியாதவை என்று சில எப்போதும் மிஞ்சி நிற்கும். பிரிந்த பின் அந்த அண்ணன் தம்பியர் நல்ல உறவினராக வாழ்வார்களா, பகைவராக மாறுவார்களா என்பது அந்த மிச்சத்தை அவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நாடுகளுக்கும் இந்த நியதி பொருந்தும். 1993-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று ஐரோப்பாவில் செக்கோஸ்லோவாகியா என்ற நாடு செக் குடியரசு, ஸ்லோவாகியா என இரு தனி நாடுகளாயிற்று. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை என்று உலகம் அதைப் பாராட்டியது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1953 அக்டோபர் 1 அன்று, நம் சென்னை இராஜ்யம் இரண்டாகப் பிரிந்து ஆந்திர மாநிலம் பிறந்தது. அங்கே பிறந்தவை தனி நாடுகள். இங்கே பிறந்தது ஒரே பாரத நாட்டுக்குள் மற்றொரு மாநிலம். இந்த வேற்றுமை பெரிது. ஆயினும் பிரிவினையின் காரணங்களும் சிக்கல்களும் பெரும்பாலும் ஒன்றே.

வடசென்னையில் வாழும் நமக்கு இந்த வரலாற்றில் தனி அக்கறை உண்டு. இராயபுரமும் தண்டையார்ப்பேட்டையும் திருவொற்றியூரும் எந்தப் பங்கில் சேரும் என்பதே அன்று ஒரு வழக்காக இருந்தது!

ஒன்றாயிருந்த வீடு

ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணம் மிகப் பெரியது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளைப் பேசும் மாவட்டங்கள் அதில் அடங்கியிருந்தன. வடகோடியில் ஒரிய மொழி பேசும் பகுதிகளும் இருந்தன. அவை 1936-இல் பிரிந்து ஒரிசா மாகாணத்தில் சேர்ந்தன. இத்தனை மொழியினருக்கும் சென்னையே தலைநகரம். உயர் நீதிமன்றமும், பல்கலைக்கழகமும், துறைமுகமும், அச்சகங்களும் இங்கேதான் இருந்தன.

ஆகவே தெலுங்கு மக்களின் பொதுவாழ்வு சென்னையிலேயே வளர்ந்தது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்ற தேசபக்தர் பம்பாயில் தொடங்கிய 'ஆந்திர பத்திரிகா' 1914-இல் சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. தலைவலி வந்தால் நம் வீடுகளில் தேடும் அமிர்தாஞ்சனத்தை உருவாக்கியவரும் இவரே. ஆந்திர கேசரி எனப்பட்ட டங்குடூரி பிரகாசம், 1928-இல் சைமன் கமிஷனை எதிர்த்த ஊர்வலத்தின்போது, பாரிமுனை அருகே போலீசாரின் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டி நின்றார். அவரே பின்னர் 1946-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தனர்.

இவ்வளவு ஒன்றிக் கலந்தவர்கள் பிரிய விரும்பியது ஏன்? ஒரு மாணவி தன் தாய்மொழியில் படிக்க வேண்டும். ஒரு விவசாயி தன் மொழியில் மனு எழுத வேண்டும். நீதிமன்றத்தில் தன் மொழியில் பேச வேண்டும். இதுவே மொழிவழி மாநிலம் கேட்டவர்களின் அடிப்படை வாதம். அரசாங்க உத்தியோகங்களிலும் கல்வி வசதிகளிலும் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குறையும் ஆந்திர மக்களுக்கு இருந்தது. 1913-இல் பாபட்லாவில் முதல் ஆந்திர மகாசபை கூடியது. 1920 முதல் காங்கிரஸ் இயக்கமே தன் கிளைகளை மொழிவாரியாக அமைத்துக்கொண்டது. 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1937 நவம்பரில், நாகேஸ்வர ராவின் மயிலாப்பூர் இல்லமான ஸ்ரீபாகில், கடலோர ஆந்திரத் தலைவர்களும் இராயலசீமைத் தலைவர்களும் கூடித் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். தெலுங்கு மாநிலத்துக்கான உடன்பாடு தமிழர் வாழும் மயிலாப்பூரில் உருவானது என்பதே இரு இனத்தாரும் எவ்வளவு கலந்து வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று.

சுதந்திரம் வந்தபோது தேசத் தலைவர்கள் தயங்கினார்கள். மதத்தின் பெயரால் நாடு துண்டாகி இரத்தம் சிந்திய நேரம் அது. மொழியின் பெயராலும் பிரிக்கத் தொடங்கினால் ஒற்றுமை என்ன ஆகும் என்று அஞ்சினார்கள். 1948-இல் அமைக்கப்பட்ட தார் கமிஷன் மொழிவாரி மாநிலங்களை இப்போது அமைக்க வேண்டாம் என்றது. அதன் பின் நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் குழு 1949-இல் ஓர் அறிக்கை அளித்தது. ஆந்திர மாநிலம் அமைக்கலாம்; ஆனால் சென்னை நகரத்தின் மீதுள்ள உரிமையை ஆந்திரர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அது கூறியது. வழக்கு முழுவதும் அங்கேதான் சிக்கிக்கொண்டது.

சென்னை யாருக்கு?

இரு தரப்பு வாதங்களையும் நடுநிலையோடு கேட்க வேண்டும்.

தெலுங்கர் சொன்னது இது: 1639-இல் இந்தக் கடற்கரையை ஆங்கிலேயருக்கு வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயராலேயே சென்னப்பட்டினம் எழுந்தது. நகரத்தின் வணிகத்தை வளர்த்ததில் தெலுங்கு வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நகரின் வட பகுதியில் தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆகவே சென்னை எங்களுடையது.

தமிழர் சொன்னது இது: கோட்டை எழுந்தது நேற்று. திருவொற்றியூரும் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் பாடிய ஊர்கள். நகரில் பெரும்பான்மையோர் பேசுவது தமிழ். நகரைச் சூழ்ந்துள்ள செங்கற்பட்டு மாவட்டமும் தமிழ் மாவட்டமே. ஆகவே சென்னை எங்களுடையது.

நடுவே சமரச யோசனைகளும் பல எழுந்தன. நகரத்தை இரு மாநிலங்களுக்கும் பொதுவாக வைக்கலாம் என்றனர் சிலர். மத்திய அரசின் நேரடி ஆட்சியில் விடலாம் என்றனர் வேறு சிலர். கூவம் ஆற்றை எல்லையாக்கி, வடக்கை ஆந்திரத்துக்கும் தெற்கைத் தமிழகத்துக்கும் கொடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அப்படி நடந்திருந்தால் கோட்டையும் துறைமுகமும் இராயபுரமும் திருவொற்றியூரும் ஒரு மாநிலம். திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் மற்றொரு மாநிலம். இராயபுரத்துப் பெண் மயிலாப்பூர் தேர்த் திருவிழா காண மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும்!

தமிழர் தரப்பில் முன்னின்றவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை செய்து, சிறை சென்று, 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கியவர். "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்ற முழக்கம் அவருடையது. அன்றைய முதலமைச்சர் இராஜாஜியும் சென்னையை விட்டுத்தர இசையவில்லை.

தெலுங்கர் தரப்பில் உயிரையே கொடுத்தவர் பொட்டி ஸ்ரீராமுலு. 1901-இல் பிறந்தவர், காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் தொண்டு செய்தவர், நெல்லூரில் அரிசன ஆலயப் பிரவேசத்துக்காக உண்ணாநோன்பு இருந்தவர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் சென்னை ஜார்ஜ் டவுன்தான்! இராயபுரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்.

இதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். சென்னைக்காகப் போராடிய ம.பொ.சி.யும் சென்னையில் பிறந்தவர். சென்னையைக் கேட்டு உயிர் நீத்த ஸ்ரீராமுலுவும் சென்னையில் பிறந்தவர். அயலானின் சொத்தை அபகரிக்க வந்தவர் இருவரில் எவரும் இல்லை. இருவரும் தாம் பிறந்த மண்ணைத் தம்முடையது என்றார்கள். இரண்டு உண்மையான பாசங்கள் ஒரே இடத்தில் மோதியதே இவ்வழக்கின் துயரம்.

ஐம்பத்தெட்டு நாட்கள்

1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில், புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில், ஸ்ரீராமுலு உண்ணாநோன்பைத் தொடங்கினார். நாட்கள் வாரங்களாயின. டில்லி அசையவில்லை. டிசம்பர் 15 இரவு, 58-ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. செய்தி பரவியதும் ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. ரயில் நிலையங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடு நடந்தது. பல உயிர்கள் போயின. நான்கே நாட்களில், டிசம்பர் 19 அன்று, பிரதமர் நேரு பாராளுமன்றத்தில் ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார். ஆனால் அது சென்னை நகரம் நீங்கலாக, தகராறு இல்லாத தெலுங்குப் பகுதிகளைக் கொண்டதாகவே இருக்கும் என்றார்.

இதன் பின் நீதிபதி வாஞ்சு பிரிவினை விவரங்களை ஆராய அமர்த்தப்பட்டார். ஆந்திரத்தின் தலைநகரம் சிறிது காலம் சென்னையிலேயே இருக்கலாம் என்ற அவர் யோசனையைத் தமிழர் ஏற்கவில்லை. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதையாகிவிடும் என்று அஞ்சினார்கள். 1953 மார்ச்சில், புதிய தலைநகரம் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று மத்திய அரசு முடிவு கூறியது.

1953 அக்டோபர் 1 அன்று கர்நூலில் நேரு ஆந்திர மாநிலத்தைத் தொடங்கி வைத்தார். பதினொரு மாவட்டங்களும், பெல்லாரி மாவட்டத்தின் மூன்று தாலுகாக்களும் அதில் சேர்ந்தன. பெல்லாரியின் மற்றப் பகுதி மைசூருக்குச் சென்றது. முதல் முதலமைச்சர், சென்னையை ஆண்ட அதே பிரகாசம்தான். கர்நூலில் கட்டடங்கள் போதாமல் அரசு அலுவலகங்கள் பல கூடாரங்களில் இயங்கின. கூடாரத்தில் குடித்தனம் தொடங்கிய தம்பியின் நிலையை நினைத்துப் பார்த்தால், சென்னையை இழந்ததில் அவர்களுக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்பது விளங்கும்.

எல்லைக் கோடு போட்டதும் தகராறு தீரவில்லை. வேங்கடமலையே தமிழகத்தின் பழைய வட எல்லை என்று நம் இலக்கியங்கள் கூறுகின்றன. அந்தத் திருப்பதி ஆந்திரத்துக்குப் போயிற்று. திருத்தணிக்காக மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடினார்கள். இறுதியில் படாஸ்கர் என்பவர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை ஓர் அலகாகக் கொண்டு, எந்த மொழியினர் மிகுதி, எந்த ஊர் எதனோடு தொடர்ச்சியாக உள்ளது என்று பார்த்துத் தீர்ப்பளித்தார். அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. பதிலுக்கு நம் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன.

ஐரோப்பாவில் ஒரு பாகப்பிரிவினை

இனி, முதலில் சொன்ன செக்கோஸ்லோவாகியாவைப் பார்ப்போம். அதோடு ஒப்பிட்டால் நம் வரலாறு இன்னும் நன்கு விளங்கும்.

முதல் உலகப் போரின் முடிவில், 1918 அக்டோபர் 28 அன்று, அந்த நாடு தோன்றியது. செக் மக்கள் அதுவரை ஆஸ்திரிய ஆட்சியிலும், ஸ்லோவாக் மக்கள் ஹங்கேரி ஆட்சியிலும் இருந்தவர்கள். இரு மொழிகளும் மிக நெருங்கிய உறவுடையவை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். ஆயினும் பெரிய அண்ணனான செக் இனம் எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறது, தலைநகரம் பிராகிலிருந்தே எல்லாம் தீர்மானமாகிறது என்ற மனத்தாங்கல் ஸ்லோவாக்கியருக்கு இருந்தது. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைதியாக வீழ்ந்தது. அதன் மறு ஆண்டே நாட்டின் பெயரை எப்படி எழுதுவது, நடுவில் ஓர் இணைப்புக் கோடு வேண்டுமா வேண்டாமா என்று பாராளுமன்றத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. சிறு கோடுதானே என்று நாம் சிரிக்கலாம். ஆனால் பெயரில் தனக்குச் சம இடம் வேண்டும் என்பது சிறிய இனத்தின் தன்மானம்.

1992 ஜூன் தேர்தலில் செக் பகுதியில் வாட்ஸ்லாவ் கிளாவுஸும், ஸ்லோவாக் பகுதியில் விளாதிமீர் மெச்சியாரும் வென்றார்கள். ஒருவர் பொருளாதார மாற்றத்தை வேகமாக நடத்த விரும்பினார்; மற்றவர் தம் மக்களுக்கு அதிக அதிகாரம் கேட்டார். பேச்சுவார்த்தை பல நடந்தும் ஒத்துப்போகவில்லை. ஆகஸ்டில் பிர்னோ நகரில் சந்தித்து, ஆண்டு முடிவில் பிரிவது என்று முடிவு செய்தார்கள். ஒற்றுமையை விரும்பிய ஜனாதிபதி வாட்ஸ்லாவ் ஹாவெல் அதற்கு முன்பே பதவி விலகிவிட்டார். நவம்பர் 25 அன்று பாராளுமன்றம் தன் நாட்டையே கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

சொத்துப் பிரிவினை எளிய கணக்கில் நடந்தது. அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. மற்றவை மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில். தேசிய கீதமும் பிரிந்தது. அதில் முதற்பகுதி செக் பாட்டு, அடுத்த பகுதி ஸ்லோவாக் பாட்டு. அவரவர் பாட்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். பொது நாணயம் 1993 பிப்ரவரி வரைதான் நிலைத்தது. பின்னர் பழைய நோட்டுகளில் முத்திரை வில்லை ஒட்டித் தனித்தனி நாணயமாக்கினார்கள். பழைய கொடியை இனி எவரும் பயன்படுத்துவதில்லை என்று சட்டத்தில் எழுதியிருந்தும், செக் குடியரசு அதையே தன் கொடியாக வைத்துக்கொண்டது. எவ்வளவு நல்ல பாகப்பிரிவினையிலும் ஒரு மனக்குறை மிஞ்சத்தான் செய்கிறது!

ஒப்பிட்டால் விளங்குவது

அங்கே அமைதியாக முடிந்தது இங்கே உயிர்ப்பலியோடு முடிந்தது ஏன்? நம் மக்கள் பொறுமையற்றவர்கள் என்று சொல்வது தவறு. முக்கியக் காரணம் வேறு. செக்கியருக்குப் பிராக், ஸ்லோவாக்கியருக்குப் பிராட்டிஸ்லாவா என்று இரு வீடுகளுக்கும் தனித்தனி தலைவாசல் ஏற்கெனவே இருந்தது. இங்கே இரு பிள்ளைகளும் வளர்ந்தது ஒரே வீட்டில். அந்த வீடு சென்னை. பங்கு போட முடியாத ஒன்றை இருவரும் விரும்பினார்கள். மேலும், ஒருவர் உண்ணாமல் கிடந்து இறக்கும் வரை அதிகாரத்தில் இருந்தோர் காலம் தாழ்த்தியதும் ஒரு காரணம். நாலு நாளில் சொல்ல முடிந்த பதிலை ஐம்பத்தெட்டு நாட்களுக்குள் சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்திருக்கின்றன. அங்கும் சரி, இங்கும் சரி, "பிரியலாமா?" என்று பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. தலைவர்களும் சட்டமன்றங்களுமே முடிவு செய்தார்கள்.

மொழி ஒன்றாயிருந்தால் பிரிவினையே வராது என்றும் எண்ணக் கூடாது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, ஐதராபாத்தின் தெலுங்குப் பகுதி ஆந்திரத்தோடு இணைந்து ஆந்திரப் பிரதேசமாயிற்று. அதே நாளில் கன்னியாகுமரி தமிழகத்துக்கு வந்தது; மலபார் கேரளத்துக்குப் போயிற்று. ஆனால் 2014 ஜூன் 2 அன்று, அதே தெலுங்கு மொழி பேசும் தெலுங்கானா ஆந்திரத்திலிருந்து பிரிந்துவிட்டது. மீண்டும் தலைநகரச் சிக்கல்! ஐதராபாத் தெலுங்கானாவுக்கே என்றும், பத்து ஆண்டுகள் வரை இரு மாநிலத்துக்கும் பொதுத் தலைநகராக இருக்கலாம் என்றும் சட்டம் செய்தார்கள். மொழி வீட்டுக்குச் சுவர் போன்றது. நியாயமான பங்கீடே அதன் அஸ்திவாரம்.

கோட்டுக்கு இப்பால் நின்றவர்கள்

எந்த எல்லைக் கோட்டையும் எவரும் மறுபக்கம் சிக்காதபடி போட முடியாது. சென்னையில் தெலுங்கர் நின்றார்கள். சித்தூரில் தமிழர் நின்றார்கள். அவர்கள் கதி என்ன?

நம் அரசியல் சாசனம் இதை மறக்கவில்லை. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956-இலேயே ஏழாவது திருத்தத்தின் மூலம் 350-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. சிறுபான்மையினர், அது மதத்தால் ஆயினும் மொழியால் ஆயினும், தம் கல்வி நிலையங்களை அமைத்து நடத்தும் உரிமையை 30-ஆம் விதி வழங்குகிறது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் தெலுங்குப் பள்ளிகளுக்கும் காவலாக நிற்பது இந்த ஒரே விதிதான்.

சட்டத்தைவிட மேலானது அன்றாடப் பழக்கம். நம் பகுதியில் தந்தையை நைனா என்று அழைக்கும் வீடுகள் எத்தனை! பணத்தை டப்பு என்பதும் தெலுங்கு தந்த சொல்லே. அம்மாவுக்கு இரு மொழியிலும் அம்மா என்றே பெயர். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன்மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளும் தெலுங்கில் அமைந்தவை. தமிழ் மண்ணின் தாயைத் தெலுங்கில் பாடினால் அவள் கேட்க மாட்டாள் என்று எவரும் சொல்லவில்லை. நம் தாய்மார்கள் சிறுவயதில் ஆவலோடு படித்த 'அம்புலிமாமா', 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் சென்னையில் ஒருசேரப் பிறந்தது. பிரிவினைக்குப் பிறகும் தெலுங்குத் திரைப்படங்கள் பல ஆண்டுகள் சென்னையிலேயே தயாராயின.

நம் திருச்சபை வரலாற்றிலும் இதையொட்டி ஒரு நிகழ்ச்சி உண்டு. சென்னை மறைமாவட்டம், மயிலை மறைமாவட்டம் என்று ஒரே நகரில் இரு ஆட்சி எல்லைகள் நெடுங்காலம் இருந்து வந்தன. போர்ச்சுக்கீசியர் காலத்துப் பழைய உரிமைகளால் வந்த பிரிவு அது. இராயப்பர் பெயரால் இராயபுரம் என்று வழங்கும் நம் ஊரும் அந்தச் சச்சரவுகளைக் கண்டதுதான். 1952 நவம்பர் 13 அன்று அவ்விரண்டும் ஒன்றாகி, பேராயர் லூயி மத்தியாஸ் ஆண்டகையின் கீழ் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டமாயின. மயிலாப்பூரில் ஸ்ரீராமுலு நோன்பிருந்த அதே நாட்கள் அவை! ஒரு நகரில், ஒரே மாதத்தில், ஒரு பழைய பிரிவு மறைந்துகொண்டிருந்தது. ஒரு புதிய பிரிவு பிறந்துகொண்டிருந்தது. சேர்வதும் பிரிவதும் இரண்டுமே நன்மைக்காக அமைய முடியும் என்பதை இது காட்டுகிறது.

செக்கியரும் ஸ்லோவாக்கியரும் பிரிந்த பின்பும் ஜூலை 5-ஆம் நாளை இருவருமே பொது விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள். அது புனித சிரில், புனித மெத்தோடியுஸ் ஆகிய இருவரின் திருநாள். ஒன்பதாம் நூற்றாண்டில் அம்மக்களின் மொழியிலேயே நற்செய்தியைக் கொண்டுவந்த அவ்விருவரும் உடன்பிறந்த சகோதரர்கள்! 2004-இல் இரு நாடுகளும் ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007 டிசம்பரில் அவற்றின் இடையே எல்லைச் சோதனையும் நீங்கியது. "தூர இருந்தால் சேர உறவு" என்ற நம் பழமொழி அங்கே மெய்யாயிற்று.

பொதுக் கிணறு

நமக்கும் ஆந்திரத்துக்கும் இடையே பாஸ்போர்ட் ஒருநாளும் இருந்ததில்லை. திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே செல்லும் புறநகர் ரயில் ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவில் ஆந்திரத்துக்குள் நுழைகிறது. சூலூர்ப்பேட்டை வரை போகிறது. எல்லை கடந்ததை நிலையப் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரமோ தமிழகத்தில். ஏரிக்குள் மீன்பிடி எல்லை பற்றி இரு மாநில மீனவர்களுக்கும் தகராறு வருவது உண்டு. மீனுக்கோ நாரைக்கோ எல்லை தெரியாது. அந்நாளில் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகுகள் சரக்கேற்றி வந்ததும் இதே வடசென்னைக்குத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய சான்று நாம் குடிக்கும் தண்ணீர். சென்னையின் தாகம் தீர்க்க, கிருஷ்ணா நதியில் பங்குள்ள மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் பங்கிலிருந்து ஐந்து டி.எம்.சி. வீதம் விட்டுக்கொடுக்க 1976-இல் இசைந்தன. டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. 1983-இல் ஆந்திரமும் தமிழகமும் ஒப்பந்தம் செய்து தெலுங்கு கங்கைத் திட்டத்தைத் தொடங்கின. ஆவியாகும் நீரைக் கழித்து ஆண்டுக்குப் பன்னிரண்டு டி.எம்.சி. தர வேண்டும் என்பது ஏற்பாடு. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் ஓடி, 1996-இல் கிருஷ்ணா நீர் முதன்முறையாகத் தமிழக எல்லையை அடைந்தது. ஒப்பந்த அளவு முழுவதும் ஆண்டுதோறும் வந்துவிடவில்லை. அதில் குறை உண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள். எந்த நகரம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு மக்கள் கண்ணீர் விட்டார்களோ, அந்த நகரத்துக்குத் தங்கள் நிலத்தின் வழியாகவே தண்ணீர் அனுப்புகிறார்கள். கொல்லைக் கிணற்றுக்குச் சுவர் எழுப்பவில்லை!

அந்த நீர் பூண்டியில் கலந்து நம் வீட்டுக் குடத்துக்கு வரும்போது, அது தமிழ்த் தண்ணீரா தெலுங்குத் தண்ணீரா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் தோழியைக் கேலிப் பெயரிட்டு அழைப்போர் இன்றும் இல்லாமல் இல்லை. அவளுடைய பாட்டனார் இவ்வூருக்கு வந்தது நம் பாட்டனாருக்கு முன்பாகவும் இருக்கலாம். கூவத்தில் கோடு விழுந்திருந்தால் அவள் பெரும்பான்மை, நாம் சிறுபான்மை. அந்நிலையில் அவள் நம்மை எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புவோமோ, அப்படியே நாம் அவளை நடத்த வேண்டும். 1953-இல் தலைவர்கள் போட்ட கோட்டுக்கு நாம் பொறுப்பல்ல. நம் வகுப்பறைக்குள் கோடு விழாமல் காப்பது நம் பொறுப்பே.